பின் தகரத்தில் ரெண்டு தட்டு

அடுத்த வாரம் நீங்கள் எல்லாரும் லோடு ஸ்டாண்டுகளுக்குப் போய், புதிதாக வரப்போகும் பிக்கப் வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று டிரைவர்களிடம் கேட்டு வரப்போகிறீர்களாம். அதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார் உங்கள் மேனேஜர். ரிடையர் ஆனவளைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். நாலு வார்த்தையோடு நிற்கிற ஆள் நான் இல்லை. டீ வந்துவிட்டதா? எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் வேலை வாடிக்கையாளர் குறை கேட்பது. பச்சையாகச் சொன்னால் திட்டு வாங்குவது. 2004-இல் கடலூரில் ஒரு சரக்கு வண்டி ஷோரூமின் முன்மேசையில் உட்கார்ந்தேன். வந்த புதிதில், "ஏம்மா, ஆம்பள யாரும் இல்லியா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். கொஞ்ச நாளில் அதே ஆட்கள், "அந்த மேடம் இருந்தா சொல்லு, இல்லன்னா அப்பறமா வர்றேன்" என்று திரும்பிப் போனார்கள். எங்கள் பழைய ஒர்க்ஸ் மேனேஜர் எனக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். வண்டிக்காரர் வந்து நின்றதும் வாயைத் திறக்காதே, முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வா என்பார். நான் வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றுவேன். மேடம் பிரதட்சிணம் போகிறார்கள் என்று மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள்.

2010-இல் கம்பெனி பழைய பிக்கப்பை மாற்றிப் புதிதாகச் செய்யப் போவதாகச் சொல்லி, டிரைவர்களிடம் கருத்துக் கேட்க ஏற்பாடு செய்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் பிடித்தோம். பிரியாணி உண்டு என்று சொல்லியிருந்ததால் வண்டியே இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து டிசைன் இன்ஜினியர் ஒரு தம்பி வந்திருந்தான். சட்டை கசங்காமல், ரொம்ப மரியாதையான பையன். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க அண்ணா" என்றான். நம் ஆட்களிடம் ஒவ்வொருவராகவா? சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது மண்டபம்.

துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகிறவர், "ஐஸ் தண்ணி பின்னாடியே நின்னுக்குது தம்பி. தகரம் அப்பளமா நொறுங்குது. தண்ணி வடிய நாலு ஓட்டை போட்டுக் குடுத்தா புண்ணியமா போவும்" என்றார். இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் பின்பக்கம் வெந்துவிடுகிறது என்றார் ஒருவர். கயிறு கட்டக் கொக்கி ஜாஸ்தியாக வேண்டும், சோத்து மூட்டை வைக்கப் பூட்டு போட்ட டப்பா வேண்டும், பாட்டு வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் பெரிய சண்டை ஒன்று வந்தது. எதற்கு என்கிறீர்கள்? சாமிக்கு. ஸ்டியரிங்குக்கு முன்னால் எல்லாவற்றையும் வளைத்து வளைத்துச் செய்கிறீர்களே, சாமியை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். அந்தத் தம்பி பயபக்தியாக, "சாமி என்ன சைஸ் அண்ணா?" என்று கேட்டுவிட்டான்.

"எங்க அம்மன் இம்மாம் ஒசரம்" என்று ஒருவர் கையை விரித்தார். மஞ்சக்குப்பம் ஆரோக்கியம் எழுந்து, "எங்க மாதா நிக்கிறவங்க. சாய்ச்செல்லாம் வெக்க முடியாது, நேரா நிக்கணும்" என்றார். பரங்கிப்பேட்டை பாய் ஒருவர், "எனக்கு அந்த எடத்துல போன் வெக்க ஒரு குழி குடுத்தாப் போதும் தம்பி" என்று சமாதானம் செய்து வைத்தார். எல்லாரும் ஒன்றாக ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். கேபினுக்குள் சத்தம் குறைய வேண்டும். காதில் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது, வீட்டுக்குப் போனாலும் இரைச்சல் போகமாட்டேன் என்கிறது என்றார்கள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து கலியமூர்த்தி எழுந்தார். அண்ணாகிராமம் பக்கத்துக்காரர். பலாப்பழம், முந்திரி மூட்டை ஏற்றி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார்.

"எனக்கு ஒண்ணும் வாணாம். கேபினுக்குப் பின்னாடி இருக்கற தகரம் மட்டும் இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

மண்டபமே சிரித்தது. "ஏன்ணா, அதுல படம் பாக்கறியா?" என்று ஒருவன் கத்தினான். அவர் உட்கார்ந்துவிட்டார். இன்ஜினியர் தம்பி என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தகரம் எனக்குத் தெரியும்.

கலியமூர்த்தியின் வண்டியைச் சுற்றி வரும்போதெல்லாம் நான் பார்த்திருந்தேன். கேபினுக்குப் பின்பக்கம், சரக்கு ஏற்றும் பக்கத்திலிருந்து கை எட்டுகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கும். லேசான பள்ளமும் விழுந்திருக்கும். அது செல்வத்தின் கை. செல்வம் கலியமூர்த்தியின் மனைவிக்குத் தம்பி. வண்டியை வாங்கியது இரண்டு பேரும் சேர்ந்துதான். மாமா ஓட்டுவார், மச்சான் பின்னால் லோடு மேல் உட்கார்ந்து வருவார். ஒரு தட்டு தட்டினால் நில். ரெண்டு தட்டு தட்டினால் போகலாம். படபடவென்று தட்டினால் ஏதோ ஆபத்து. லோடு வண்டிக்காரர் எல்லாருக்கும் உள்ள பாஷைதான் அது. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு பாஷைதான் மிச்சம் இருந்தது. ஐந்து வருஷமாகப் பேச்சு கிடையாது.

சர்வீசுக்கு வந்தால் என் பாடு திண்டாட்டம். நடுவில் நான் நிற்க வேண்டும்.

"மேடம், பிரேக்கு லேட்டா புடிக்குதுன்னு ஓட்டறவங்ககிட்ட சொல்லுங்க" என்பார் செல்வம்.

"மேடம், ஓட்டறவனுக்கு அது தெரியும்னு சொல்லுங்க" என்பார் கலியமூர்த்தி.

"தெரிஞ்சா சரி பண்ண வேண்டிதானன்னு கேளுங்க."

"பண்ணத்தான் வந்திருக்கன்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் ஒரு முழம் தூரத்தில்தான் நிற்பார்கள்! எனக்குக் கோபம் வந்து, "நான் என்ன உங்களுக்குத் தந்தி ஆபீசா?" என்று கத்தியிருக்கிறேன். டிங்கர் ஒருமுறை அந்தப் பள்ளத்தைத் தட்டி எடுத்து பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "வாணாம்" என்றார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முன்சீட்டு காலியாகவே இருக்கும். அதில் சாப்பாட்டுக் கூடை மட்டும் உட்கார்ந்து வரும். லோடு மேல் ஆள் வருவது சட்டப்படி தப்பு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். செல்வம் கேட்டால்தானே.

சண்டைக்கு என்ன காரணம் என்று அஞ்சலை சொல்லித்தான் தெரியும். கலியமூர்த்தியின் மனைவி அவர். 2011 தொடக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருநாள் ஒர்க்ஷாப்புக்கு வந்தவர், வண்டி தயாராகும்வரை என் மேசை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூத்த பெண்ணுக்குக் காது குத்திய அன்று நடந்ததாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? அன்று செல்வம் வேறொரு டிரைவரோடு போய் ஒரு லோடை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். வழியில் டயர் போய்விட்டது. "நான் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். இங்கே நல்ல நேரம் போகிறது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தியிருக்கிறார்கள். கலியமூர்த்தி தன் பங்காளி ஒருவர் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தி முடித்துவிட்டார். செல்வம் சீர்த்தட்டோடு வந்து நின்றபோது எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தட்ட கீழ வெச்சிட்டு போனவன் மேடம். மறுநாள் காலைல வண்டிக்கு வந்துட்டான். வேலைய வுடல. பேச்சதான் வுட்டுட்டான்" என்றார் அஞ்சலை. மடியில் இருந்த குழந்தையின் காதைத் தடவிக்கொண்டே, "ஆவணில இவளுக்குக் குத்தணும். என் தம்பி மடி இல்லாம நான் குத்த மாட்டேன். அவரு போய்க் கூப்புட மாட்டாரு, இவன் தானா வர மாட்டான். எனக்கு ரெண்டு கண்ணுல எதக் குத்திக்கறது, சொல்லுங்க" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. நாட்டாமை செய்து பார்க்கலாம் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் டயரைப் பார்த்தார்.

அந்த வருஷப் பலா சீசனில் புது வண்டி ஒன்று சோதனைக்கு வந்தது. உண்மையான லோடு டிரைவர் ஒருவரிடம் கொடுத்துச் சில வாரம் ஓட்டச் சொல்ல வேண்டும். நான் கலியமூர்த்தி பெயரைச் சொன்னேன். "தகரத்தப் பத்திப் பேசின ஆளா?" என்று எங்கள் மேனேஜர் சிரித்தார். "அவர்தான். மற்றவர்கள் வேண்டியதைக் கேட்டார்கள், இவர் ஒருத்தர்தான் போய்விடக் கூடாதது எது என்று சொன்னார்" என்றேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். கொடுத்துவிட்டார்.

முதல் லோடுக்கு ஷோரூமிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நானே போனேன். ஆகா, வண்டியா அது! இன்ஜின் முன்னால் போய்விட்டது. சீட்டு சுடவில்லை. செல்போனுக்கு சார்ஜ் போட இடம். கேபினின் பின்சுவருக்குத் தடியாக மெத்தை மாதிரி ஏதோ வைத்து, மேலே பிளாஸ்டிக் பலகை போட்டு மூடியிருந்தார்கள். கதவைச் சாத்தினால் வெளி உலகமே இல்லை. கிளம்புவதற்கு முன்னால் கலியமூர்த்தி என்னிடம், "மேடம், போனுக்கு சார்ஜ் போட எடம் இருக்குது, வேணும்னா குடுக்கச் சொல்லுங்க" என்றார். பின்னால் பலாப்பழங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த செல்வம் எட்டி என் கையில் போனைக் கொடுத்தார். ஐந்து வருஷம் பேசாதவனுடைய போனில் சார்ஜ் இருக்காது என்று இவருக்கு எப்படித் தெரியும்? அக்கறை எல்லாம் அப்படியே இருந்தது, வாய் மட்டும்தான் பூட்டிக்கொண்டிருந்தது.

கடலூரில் பாதிப் பழத்தை இறக்கிவிட்டு மீதியோடு சிதம்பரம் போனோம். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் பஸ், பின்னால் லாரி, நடுவில் நாங்கள். கேட் திறந்ததும் பின்னால் இருந்த அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அந்த ஹாரன் எந்தக் கேபினையும் துளைத்துக்கொண்டு வரும். கலியமூர்த்தி அசையவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். லாரிக்காரன் விடாமல் அடித்தான். பின்னால் தும் தும் என்று ஏதோ அதிர்ந்தது எனக்கும் தெரிந்தது. அவர் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். மூன்று டீ சொன்னார். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, ஒரு கிளாசைக் கொண்டுபோய்ப் பின்கதவின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து நின்றார். தினமும் அப்படித்தானாம். இவர் வைப்பார், அவர் எடுப்பார், காலி கிளாஸ் அதே இடத்துக்கு வரும். நான் குடித்து முடித்தேன். இவரும் முடித்தார். அந்த கிளாஸ் அப்படியே இருந்தது. டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது.

"செல்வம் தூங்குறாரா?" என்று கேட்டுக்கொண்டே நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பலாப்பழம்தான் இருந்தது. ஆள் இல்லை.

கலியமூர்த்தியைப் பார்த்தேன். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ரத்தமே இல்லை. நான் என் போனில் செல்வத்தின் நம்பரைப் போட்டேன். முன்சீட்டில் சார்ஜில் இருந்து அது பாட்டுப் பாடியது. "வுழுந்துட்டான் மேடம். எங்கியோ வுழுந்துட்டான். நான் பாக்காம வந்துட்டேன்" என்று அவர் கதவைத் திறந்து ஏறப்போனார். சாவி நுழையவில்லை. கை அப்படி ஆடியது.

அந்த நேரத்தில் என் போனும் அடித்தது. சென்னையிலிருந்து இன்ஜினியர் தம்பி. "மேடம், கேபின் சத்தம் எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டான்.

"சத்தமே இல்லை தம்பி. அதுதான் இப்போ பிரச்சினை. வை போனை" என்றேன்.

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். கை நடுங்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. லோடு வண்டியை நெடுஞ்சாலையில் திருப்பி, அழுதுகொண்டே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஓட்டினால், ஒரு ஆளைத் தேடப் போய் நாலு ஆளை அடித்துவிடுவார். நான் சாவியைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டேன். வண்டியை டீக்கடைக்காரர் பார்வையில் விட்டேன். கடலூர் பக்கம் போகும் பஸ்ஸை நடுரோட்டில் நின்று கை நீட்டி நிறுத்தினேன். டிரைவர் என்னைத் திட்டினார். "அப்பறமா திட்டுங்க, ஒரு ஆளைக் காணோம், மெதுவா ஓட்டுங்க" என்றேன். திட்டினவரே மெதுவாக ஓட்டினார். நான் ஒரு பக்கம் ஜன்னலில், கலியமூர்த்தி படியில். பள்ளம் வந்தால் எட்டிப் பார்ப்பார், பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். "எங்க வூட்டுக்காரிக்கு என்னா சொல்லுவேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த மாதாவை எல்லாம் கூப்பிட்டேன்.

கொஞ்ச தூரத்தில், ரோட்டோரமாக, தலையில் துண்டைச் சும்மாடு கட்டி அதன்மேல் ஒரு பெரிய பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு ஒரு ஆள் எங்களைப் பார்த்து நடந்து வந்தார்.

"மச்சான்!" என்று கலியமூர்த்தி கத்திய கத்தலில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. பஸ் நிற்பதற்குள் குதித்து, விழுந்து, எழுந்து ஓடினார். "மச்சான், மச்சான்" என்று அதையேதான் சொல்கிறார், வேறு வார்த்தை வரவில்லை. கிட்டே போய்த் தோளை, கையை, காலை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

செல்வம் பலாப்பழத்தை இறக்கி ரோட்டோரம் வைத்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தட்னேனே மாமா. கேட்டாண்ட பழம் ஒண்ணு உருண்டு கீழ வுழுந்துச்சி, நிக்கச் சொல்லி ஒரு தட்டு தட்டிட்டுதான் எறங்கனேன். நீ எடுத்துக்கினு போற. கூடவே ஓடிவந்து சைடுல அடிச்சேன், கை வலிக்கற வரைக்கும் அடிச்சேன். ஒனக்குக் கேக்கலியா?"

"கேக்கல மச்சான். சத்தியமா கேக்கல. ரெண்டு தட்டு வுழுந்த மாதிரி இருந்துது."

"பழம் உருண்டிருக்கும்."

"பின்னாடி எல்லாம் ஹாரன் அடிச்சாங்க மச்சான். பதறிட்டேன்."

செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு ஹாரன் அடிச்சாங்க, சரி. அன்னிக்கு யாரு மாமா அடிச்சா? அன்னிக்கும் நிக்கத்தான சொன்னேன்?"

கலியமூர்த்தி தரையைப் பார்த்தார். "அன்னிக்கும் அடிச்சாங்கடா. எங்க பெரியப்பா அடிச்சாரு, ஆசாரி அடிச்சாரு, போட்டோ புடிக்கறவன்கூட அடிச்சான். நிக்கற தைரியம் எனக்கு இல்ல."

நடுவில் நிற்க வேண்டிய அவசியம் முதல்முறையாக எனக்கு இல்லாமல் போனது. நான் பலாப்பழத்துக்குக் காவலாகக் கொஞ்சம் தள்ளி நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

ஒரு ஷேர் ஆட்டோவில் பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் டீக்கடைக்குத் திரும்பினோம். கலியமூர்த்தியின் கை நடுக்கம் நின்றுவிட்டதா என்று ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். தளும்பவில்லை. சாவியைக் கொடுத்தேன். செல்வம் வழக்கம்போலப் பின்னால் ஏறப்போனார். புது வண்டியில் முன்னால் இரண்டு சீட்டுதான், நடுவில் ஒரு பெட்டி. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. "செல்வம், முன்னாடி ஏறுங்க. நான் பஸ்ஸில் வர்றேன்" என்றேன். ஷோரூம் ஆள் வண்டியில் இருக்க வேண்டும் என்பது கம்பெனி கட்டளை. கட்டளை கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பு.முட்லூர் பக்கம் என் பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. கண்ணாடிக்குள் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமில்லாத கேபினில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும். சத்தம் வேண்டாம் என்று மற்ற டிரைவர்கள் கேட்டதும் தப்பில்லை என்று அப்போது தோன்றியது.

சிதம்பரத்தில் இருந்தே இன்ஜினியர் தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டத்தான் நினைத்தேன், அவன் குரல் கம்மிப் போனதைக் கேட்டதும் மனசு வரவில்லை. "பின்சுவரில் ஒரு ஜன்னல் வை தம்பி, தள்ளித் திறக்கிற மாதிரி. முன்னால் மூணு பேர் உட்கார்ற மாதிரி சீட்டு வை. லோடு ஏத்துற ஆள் பின்னால் உட்கார வேண்டாம்" என்றேன். அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்த வண்டியில் மூன்று பேர் உட்காரும் நீள சீட்டு இருந்தது. பின்பக்கம் தள்ளு கண்ணாடியும் இருந்தது. மீன் வண்டிக்கு ஓட்டையும் வந்தது. சாமிக்கு மட்டும் சாய்வான இடம்தான் கொடுத்தார்கள், ஆரோக்கியம் இன்னும் என்னைப் பார்த்தால் சண்டைக்கு வருகிறார். ஜன்னல் என்னால்தான் வந்தது என்று நான் பெருமை பேச மாட்டேன். வேறு ஊர்களிலும் யாராவது கை வலிக்கத் தட்டியிருப்பார்கள்.

நீங்கள் லோடு ஸ்டாண்டுக்குப் போகும்போது டிரைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வண்டியில் கூட வருகிறவர் யார், எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள். யாராவது சம்பந்தம் இல்லாமல் ஒன்றைக் கேட்டால் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்காதீர்கள். பின்னால் எவ்வளவு பேர் ஹாரன் அடித்தாலும் கொஞ்சம் நின்று கேளுங்கள். அவ்வளவுதான் என் உபதேசம், கதை இன்னும் முடியவில்லை.

ஆவணியில் காதுகுத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணாகிராமம் பக்கத்தில் அவர்கள் குலசாமி கோயில். பந்தல், மைக் செட், முந்திரித் தோப்பு ஓரமாகப் பந்தி. அஞ்சலை குழந்தையோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்வத்தைக் காணோம். சீர் எடுக்கக் கடலூர் போனவர் திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்களாம். போனில் சொல்லியிருந்தார்.

பெரியப்பா ஆரம்பித்தார். "நல்ல நேரம் போயிடும்டா. யாரு மடியா இருந்தா என்னா?" ஆசாரி, "எனக்கு இன்னொரு எடத்துக்குப் போவணும்" என்று பெட்டியை மூடித் திறந்தார். போட்டோக்காரர் வெளிச்சம் போகிறது என்றார். பூசாரி தொண்டையைக் கனைத்தார். அஞ்சலையின் கை குழந்தையை இறுக்கிக்கொண்டது. கலியமூர்த்தியின் நெற்றியில் வியர்வை. என்னைத் தேடிப் பார்த்தார்.

"மேடம், எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க" என்றார்.

"அடிக்கட்டும்" என்றேன்.

அவர் போய் நடுப்பந்தலில், தாய்மாமன் உட்காரப் போட்டிருந்த மணைப்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார். அந்த வாய் பேசாத மனுஷன் அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னார்: "யாரு வேணா எவ்ளோ வேணா ஹாரன் அடிச்சிக்குங்க. நேரம் போனா அடுத்த நேரம் வரும். என் மச்சான் ரெண்டு தட்டு தட்டாம நான் எடுக்க மாட்டேன்."

ஒருவருக்கும் புரியவில்லை. அஞ்சலைக்கும் எனக்கும் புரிந்தது. நல்ல நேரம் போயே விட்டது. பெரியப்பா கோபித்துக்கொண்டு பந்திக்குப் போனார். அதற்கும் ரொம்ப நேரம் கழித்து, புழுதி பறக்க செல்வம் வந்து இறங்கினார். சீர்த்தட்டு கையில், சட்டை தொப்பலாக நனைந்து. இலை போட்டிருப்பார்கள், முடிந்திருக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டே வந்தவர், காலி மணைப்பலகையையும் அதன் முன்னால் காவலுக்கு நிற்கும் மாமாவையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உக்காருடா" என்றார் கலியமூர்த்தி.

செல்வம் உட்கார்ந்தார். அஞ்சலை குழந்தையை அவர் மடியில் வைத்தார். மூத்த பெண், ஏற்கெனவே காது குத்திய ஆறு வயசுக்காரி, விரலைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். செல்வம் அவளையும் கையைப் பிடித்து இழுத்தார். "வா, ஒனக்கும் மாமன் மடி வேணுமில்ல" என்று இன்னொரு தொடையில் உட்கார வைத்துக்கொண்டார். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, போகலாமா என்று கலியமூர்த்தியைப் பார்த்தார். கலியமூர்த்தி மச்சானைப் பார்த்தார்.

செல்வம் இரண்டு பெண்களையும் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் மணைப்பலகையில் ரெண்டு தட்டு தட்டினார்.